கீழே வாங்கிய மூச்சு

1

எழுதத் தெரிந்தவர்கள் பலர் நம் வாசகசாலையில் இருக்கும்போது நான் பேனா எடுத்ததை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் பின்னால் போய் நின்றுகொள்வேன். பாறசாலையில் இருந்த காலத்திலும் வாசகசாலையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு, யாராவது பேச்சுக் கொடுக்கும் முன் எழுந்து போய்விடுவேன். அப்போது என்னைக் கவனித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

கடல் கடந்து இருக்கும் உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். மற்றவர்கள் பெரிய ஊர்களையும் பெரிய மனிதர்களையும் பற்றி எழுதுவார்கள். எனக்கு எதைப் பற்றி எழுதுவது என்று பல வாரங்களாகத் தெரியவில்லை. நேற்று வேலப்பன் வீட்டுக்கு வந்தான். சாயா குடித்துக்கொண்டே, "அண்ணா, அந்த விசாரணை கழிஞ்சு நாளையோட ஒரு வருஷம் திகையுது. ஓர்மை உண்டா?" என்று கேட்டான். எனக்கு நன்றாகவே நினைவு இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

வேலப்பன் திருப்புறத்துக்காரன். முன்பு கப்பலடியில் முங்கி வேலை செய்தவன், இப்போது மேலே படகில் நின்று கயிறு பிடிக்கிறவன். பாறசாலையில் என் வீட்டிலிருந்து விடியும்போது நடக்கத் தொடங்கினால், வெயில் கடுக்கும் முன் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் ஊரில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சிங்கப்பூர் துறைமுகத்தின் பின்புறம் ஒரு சாயாக்கடையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவன், "இதுல சீனியே இல்லல்லா, வெறும் வெந்நியாக்கும்" என்று சொன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். அவனும் திரும்பிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தே, "எந்த ஊராக்கும்?" என்று கேட்டான். அன்று முதல் பழக்கம்.

2

நான் அப்போது பிட்டராக வேலை செய்தது ஒரு சீனரின் பட்டறையில். முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். பட்டறை துறைமுகத்தை ஒட்டியது என்பதால் கப்பல் வேலைதான் அதிகம். கப்பலின் அடியில் படியும் பாசியையும் சிப்பியையும் சுரண்டுவதற்கும், கப்பலைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்ட கயிற்றை அறுப்பதற்கும் ஆட்கள் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். முன்பெல்லாம் அவர்கள் தலையில் செப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேலே படகில் இருப்பவர் பம்பு அடிக்க, குழாய் வழியே காற்று போகும்.

யுத்தத்துக்குப் பிறகு புதுவிதமான கருவி ஒன்று வந்தது. முதுகில் காற்று அடைத்த சிலிண்டர். அதன் தலையில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளை வால்வு. அதிலிருந்து வரும் குழாயைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஆள் மூச்சை இழுத்தால் வால்வு காற்றைத் தரும். இழுப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். ஆழம் கூடக்கூட, அந்த ஆழத்துக்கு வேண்டிய அழுத்தத்தில் காற்றைத் தரும். உள்ளே ஒரு வட்ட ரப்பர் தகடும் ஒரு சிறு நெம்புகோலும் இரண்டு கம்பிச் சுருள்களும் செய்யும் வேலை இது. அதைக் கண்டுபிடித்தது ஐரோப்பாவில் ஒரு கம்பெனி. இங்கே அதை விற்க ஓர் ஏஜென்டு உண்டு.

ஊருக்குத் திரும்பிப் போன கப்பற்படைக்காரர் ஒருவரிடம் தவுக்கே அந்தக் கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, என் மேசைமேல் வைத்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது கடைத்தெரு மலாய் மட்டும்தான். "பார். இதேபோல் செய்" என்றார்.

கழற்றினேன். ஒவ்வொரு பாகத்தையும் அளந்தேன். தாளில் படம் போட்டேன். லேத்தில் கடைந்து, ராவி, பூட்டினேன். மூடியின் உள்பக்கம், நகத்தால் கீறியதுபோல ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அது எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, தவுக்கேவுக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டால் ஏதாவது கெட்டுப்போகுமோ என்று பயந்து, எங்கள் மூடியிலும் அதே இடத்தில் அதே பள்ளத்தைப் போட்டோம். செய்து முடித்த ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, நானே வாயில் கடித்து மூச்சு இழுத்துப் பார்த்த பிறகே வெளியே விட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. தொட்டியில் முகத்தை வைக்கும்போதுகூட விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

என் மகள் ரூத் இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவளுக்கு ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"எங்க ஸ்கூல்ல பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினா வெளியே நிறுத்துவாங்க. உங்களுக்கு மட்டும் சம்பளம் தராங்களா அப்பா?" என்று கேட்டாள்.

"எட்டி, அப்பாட்ட பேசுத பேச்சா இது?" என்று என் மனைவி அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கம்மா" என்றாள் ரூத். அவள் பேசும் தமிழில் நம் ஊரின் இழுப்பு இல்லை. பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர்க்காரப் பிள்ளைகளிடம் கற்ற தமிழ் அது. வீட்டில் நாங்கள் பேசுவதைக் கேட்டால் சில நேரம் சிரித்துவிடுவாள்.

இந்த வால்வை ஏஜென்டிடம் வாங்க வழியில்லாதவர்கள் ஒன்றும் இல்லாமல் இறங்குகிறார்கள், அவர்களுக்காவது இது உதவும் என்று சொன்னேன். "அப்ப கேட்டுட்டுச் செய்யலாமே" என்றாள். பிறகு தன் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

3

இங்கே ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை உண்டு. அதைக் கொடுக்கும் அலுவலகத்தில் குமாஸ்தா என்னிடம், "மதராஸா?" என்று கேட்டார். திருவிதாங்கூர் என்றேன். "அப்படியானால் மலையாளி" என்று எழுதப் போனார். இல்லை, தமிழ் என்றேன். "திருவிதாங்கூரில் ஏது தமிழ்?" என்று எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் பக்கம் கிளர்ச்சி நடக்கிறது என்று இரண்டு வாக்கியம் எப்படியோ சொல்லி முடித்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தமிழ் என்று எழுதிவிட்டார்.

வேலப்பன் போய் நின்றது வேறொரு குமாஸ்தாவிடம். அவர் மலையாளி. மலையாளத்திலேயே கேட்டார். வேலப்பனும் மலையாளத்திலேயே பதில் சொன்னான். எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியில் பதில் சொல்வது நம் பக்கத்தில் ஒரு மரியாதை. இங்கே அது யாருக்கும் தெரியாது. அவன் அட்டையில் மலையாளி என்று விழுந்தது.

வெளியே வந்து இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணன் தமிழன், நான் மலையாளி. இனி நம்ம ரெண்டுபேரும் பேசணும்னா நடுவுல ஒரு ஆளை வைக்கணுமாக்கும்" என்று சிரித்தான்.

விடுமுறையில் நான் கடைசியாக ஊருக்கு வந்தபோது வாசகசாலைக்கும் வந்தேன். தமிழ்ப் பத்திரிகையைக் காணோம். மலையாளப் பத்திரிகையையும் காணோம். ஒரு கூட்டத்தார் ஒன்றைத் தூக்கிக் கிணற்றில் போட்டதாகவும், மற்றவர்கள் பதிலுக்கு அடுத்ததைப் போட்டதாகவும் சொன்னார்கள். செயலாளர் அடுத்த வாரம் முதல் இரண்டையும் தம் இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் படிக்கிறவன் நான். இரண்டாவதைக் கேட்க வெட்கப்பட்டு ஒன்றோடு வந்துவிட்டேன்.

அந்த விடுமுறையில்தான் என் தம்பியும் என் மைத்துனனும் எங்கள் வீட்டில் ஒரே தட்டில் வைத்த மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டே சண்டை போட்டார்கள். தம்பி கிளர்ச்சியில் இருந்தவன். எங்கள் தாலுகா நெய்யாற்றின்கரை.

"நெய்யாற்றின்கரை எங்களுக்கு வந்தே தீரும்" என்றான்.

"வந்தா என்னத்தக் கொண்டுட்டுப் போவே? ஆத்தச் சுருட்டி எடுத்துட்டுப் போவியா?" என்றான் மைத்துனன்.

"நீரு பாத்துட்டே இரும்."

"பாத்துட்டுத்தான இருக்கேன். மீன்கறியக் கொஞ்சம் இங்கோட்டு தள்ளு."

மறுநாள் மூன்று பேரும் பெருங்கடவிளைச் சந்தைக்குப் பஸ் ஏறினோம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தப் பாதையோரத்து ஊர்கள் எந்த ராஜ்யத்தோடு போக வேண்டும் என்று பஸ்ஸுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் இறங்கி, வாக்குவாதத்தை நிறுத்தாமலே பஸ்ஸைத் தள்ளினார்கள். நான் அதை வேடிக்கையாக எழுதவில்லை. கொஞ்ச காலத்தில் தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த செய்தி இங்கே வந்தது. தம்பியின் கடிதம் வரும்வரை நாள்தோறும் தபாலாபீசுக்குப் போய் நின்றேன். இதை நீங்கள் படிக்கும்போது நம் ஊர் எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

4

வேலப்பன் எங்கள் வால்வைப் போட்டுக்கொண்டு பல மாதங்கள் இறங்கினான். துறைமுகத்தில் அவனைப்போல் வேலை செய்கிறவன் இல்லை என்று பெயர். வழக்கமாக அவன் கயிற்றைப் பிடித்து, நின்று நின்று, மூச்சு வாங்கி மெதுவாக மேலே வருவான். ஒரு நாள் ஒரு கப்பலின் விசிறியில் சிக்கிய கம்பியை அறுத்துக்கொண்டிருந்தபோது, சிலிண்டரில் காற்று முடிகிற நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. நேராக மேலே வந்திருக்கிறான். தண்ணீருக்கு மேலே தலை தெரிந்ததும் கையை உயர்த்தினானாம். பிறகு கை விழுந்துவிட்டது.

நான் படகுத்துறைக்கு ஓடிப் போனபோது பலகையில் கிடத்தியிருந்தார்கள். வாயில் சிவப்பாக நுரை. இடது கையும் இடது காலும் அசையவில்லை. வால்வு அவன் பக்கத்தில் கிடந்தது. அவனைப் பார்த்த அதே பார்வையில் அதையும் பார்த்தேன். அதை இப்போது நினைத்தாலும் மனத்துக்கு என்னவோ போல் இருக்கிறது.

ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் ஒரு விஷயம் விளக்கினார். ஆழத்தில் இழுக்கும் காற்று அமுங்கிய காற்று. மேலே வர வர அது விரியும். பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் பையில் அதை அடைத்து மேலே கொண்டுவந்தால், பை பெருத்துப் பெருத்து வெடிக்கும், நெஞ்சுக்குள் இருக்கும் பையும் அப்படியே. வால்வு அடைத்துக்கொண்டாலும் அப்படி ஆகலாம், ஆள் மூச்சை விடாமல் வந்தாலும் ஆகலாம். எது என்று அவருக்குத் தெரியாது. "அவன் பேசத் தொடங்கியதும் கேளுங்கள்" என்றார்.

நான் கேட்கவில்லை. பேச்சு வந்த பிறகும் கேட்கவில்லை. வால்வைச் செய்தவன் போய், நோயில் கிடப்பவனிடம் "நீ மூச்சை விட்டாயா?" என்று கேட்டால், அது கேள்வியாக இருக்காது. அவனும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கை கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கியதும், எப்போது திரும்ப இறங்கலாம் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தான். அதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. இறங்குவதற்குத் துறைமுகம் கொடுக்கும் பெர்மிட்டு இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பயந்தான்.

இதற்குள் ஏஜென்டு இரண்டு இடத்தில் புகார் கொடுத்துவிட்டார். கோர்ட்டில், இந்த வால்வு எங்களுடையதேதான், ஒரு பள்ளம்கூட மாறாமல் திருடியிருக்கிறார்கள் என்று வழக்கு. துறைமுக அலுவலகத்தில், இந்த வால்வு எங்களுடையதைப் போன்றது அல்ல, ஆளைக் கொல்லும் என்று மனு. தவுக்கேயும் சளைக்கவில்லை. கோர்ட்டில், இது வேறு வால்வு என்று பதில் கொடுத்தார். துறைமுகத்தில், இது அதே வால்வு, ஆகவே பயமில்லை என்றார். இருவருக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. துறைமுக எஞ்சினியர் முன்னால் நான் அந்த வால்வைக் கழற்றிக் காட்டினேன். ரப்பரும் சுருளும் நெம்புகோலும் எல்லாம் சரியாக இருந்தன. "இப்போது சரியாக இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்?" என்று அவர் சொல்லிவிட்டார். அது தெரிந்த ஒரே ஆள் வேலப்பன்.

5

விசாரணை துறைமுக அலுவலகத்தின் மாடியில். அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், பொறுமையானவர். ஏஜென்டு ஒரு பக்கம், தவுக்கே ஒரு பக்கம். வேலப்பன் கைத்தடியோடு நடுவில் ஒரு நாற்காலியில். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்கு வந்தவன்போல் இருந்தான்.

அவன் அட்டையில் மலையாளி என்று இருந்ததால் மலையாள மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார், மத்திய திருவிதாங்கூர்க்காரர். அட்டை அலுவலகத்தில் மலையாளத்தில் பதில் சொன்ன வேலப்பனுக்கு, கடலடி வேலையைச் சொல்லும்போது வீட்டுப் பேச்சே வந்தது. நாலு வாக்கியம் கேட்டதும், "இது மலையாளம் அல்ல, தமிழ்" என்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். அவர் சோழநாட்டுக்காரர். அவரும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவர் பேசுவதில் பாதிதான் தமிழ். மீதிக்கு நான் பொறுப்பு ஏற்க முடியாது" என்றார்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாத பிள்ளையாயிட்டேன் அண்ணா" என்றான் வேலப்பன் என்னைப் பார்த்து.

நான் சிரித்துவிட்டேன். அதுதான் வினை. அவன் சொன்னது எனக்குப் புரிகிறது என்பதை அதிகாரி பார்த்துவிட்டார். என்னை எழுந்து வரச் சொன்னார். ஏஜென்டு எழுந்து, இவர்தான் அந்த வால்வைச் செய்தவர், இவர் எப்படி மொழிபெயர்க்கலாம் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நானே அதைச் சொல்ல நினைத்திருந்தேன். அதிகாரி ஒரு வழி செய்தார். எனக்கு இடப்பக்கம் மலையாளக்காரரையும் வலப்பக்கம் தமிழ்க்காரரையும் உட்காரவைத்தார். நான் எதையாவது விட்டாலோ சேர்த்தாலோ அவர்கள் சொல்ல வேண்டும். என் துறைமுக இங்கிலீஷோடு நடுவில் நின்றேன்.

முதலில் பெயர், ஊர், வேலை. பிறகு அன்று நடந்தது. காற்று குறைந்ததா என்று அதிகாரி கேட்டார்.

"கொறஞ்சுது. இழுக்க கொஞ்சம் கடுப்பமாத் தோணிச்சு. அது எப்பமும் உள்ளதாக்கும், சிலிண்டர் தீரப்போற நேரத்துல."

வால்வு அடைத்துக்கொண்டதா?

"இல்ல சார். அது தந்துட்டுத்தான் இருந்துது. இல்லேன்னா கடைசி மூச்சு எப்பிடி கிட்டும்?"

பிறகு என்ன செய்தாய்?

வேலப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல இருந்தது அவன் முகம்.

"அடியில நின்னே நெஞ்சு நெறைய ஒரு மூச்சு வலிச்சு எடுத்தேன். குழாயத் துப்பிட்டு வாயப் பொத்தினேன். கயிறும் பிடிக்கல்ல, ஒண்ணும் பிடிக்கல்ல, ஒரே ஏத்தம். மேல வெளிச்சம் காணுதவரைக்கும் ஒரு குமிழி வெளிய விடல்ல சார்." என்னிடம் திரும்பினான். "அண்ணா, அத நல்லா சொல்லிக் குடுங்க. ஒரு குமிழிகூட விடல்லன்னு."

திருப்புறத்துக்கும் பூவாற்றுக்கும் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாறசாலைப் பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே கடலை ஒட்டிய காயலில் சுண்ணாம்புக்குக் கக்காச் சிப்பி வாரப் போகிறவர்கள் முங்கும்போது கரையில் ஆட்கள் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். முங்கினவன் தலை வெளியே வரும் முன் குமிழி வந்துவிட்டால், "ஓட்டைக்குடம், ஓட்டைக்குடம்" என்று கூவுவார்களாம். அந்தப் பெயர் ஒருமுறை விழுந்தால் கல்யாணப் பந்தலில்கூட விடாது என்று வேலப்பனே எனக்குச் சொல்லியிருக்கிறான். அவனை ஒருநாளும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏஜென்டு வால்வைக் குற்றம் சொல்கிறார், தவுக்கே பழியை வேலப்பன்மேல் போடப் போகிறார், தான் வேலை தெரியாதவன் அல்ல என்று காட்டினால் பெர்மிட்டு பிழைக்கும் என்பது அவன் நினைப்பு. அதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சியை எடுத்து வைத்துவிட்டான்.

டாக்டர் சொன்ன ரப்பர் பை எனக்கு நினைவுக்கு வந்தது. நான் இதை இங்கிலீஷில் சொன்ன அடுத்த நிமிடம் வால்வு தப்பிக்கும். நான் தப்பிப்பேன். இவன் மாட்டிக்கொள்வான்.

"வேலப்பா, நீ சொன்னது எல்லாத்தையும் அப்பிடியே சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பின்ன? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"பொய்யில்ல மக்கா. ஆனா..."

"அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. என் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் என் வாயையே பார்த்தார்கள். இருவருக்கும் அவன் சொன்னது புரிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

சொன்னேன். குமிழியையும் விடாமல் சொன்னேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். இன்னொரு முறை கேட்கச் சொன்னார். வேலப்பன் இன்னொரு முறை, முதலில் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னான். தம் சீன மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கேட்டுத் தவுக்கே நீளமாக மூச்சு விட்டார். மூச்சை விட்டுக்கொண்டே மேலே வர வேண்டும் என்று இந்த ஆளுக்கு யாராவது சொன்னீர்களா என்று அதிகாரி அவரைக் கேட்டார். இல்லை என்றார். எங்கள் கருவியோடு நாங்கள் எல்லாம் சொல்லித் தருகிறோம் என்று ஏஜென்டு எழுந்தார். எந்த மொழியில் என்று அதிகாரி கேட்டார். இங்கிலீஷ் புத்தகம் ஒன்று பெட்டிக்குள் இருக்கும் என்றார் ஏஜென்டு.

முடிவை அன்றே சொன்னார்கள். வால்வில் பழுது இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அது யாருடைய வால்வு என்று கோர்ட்டில் தீரும்வரை எங்கள் கருவிகளைப் பட்டறையோடு பூட்டி முத்திரை வைக்க உத்தரவு ஏற்கெனவே வந்திருந்தது. அதுவரை கப்பல் வேலைக்கு ஏஜென்டின் கருவிகளை வாடகைக்கு எடுக்க வேண்டும். வேலப்பனின் பெர்மிட்டு ரத்து. அந்த வழக்கு இதை எழுதும் இன்றுவரை முடியவில்லை.

6

வெளி வராந்தாவில் வேலப்பன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றான்.

"கேன்சல்னு ஒரு வார்த்த சொன்னாரு. எது கேன்சல் அண்ணா?"

"உனக்க பெர்மிட்டு."

"எதுக்கு? வால்வு நல்லதுன்னுதான சொன்னாரு?"

டாக்டர் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். பந்து, ரப்பர் பை எல்லாம் சொன்னேன். முதலில் அவன் நம்பவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு தன் இடது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

"அப்பம் சின்னதுலருந்து நான் படிச்சது முழுக்க தப்பாக்கும்?"

"அங்க சரியாக்கும். அங்க மூச்ச மேலருந்து கொண்டுட்டுப் போறோம். திரும்ப வரும்போது அது கொண்டுபோன அளவாத்தான் இருக்கும். இங்க கீழ போயி வாங்குதோம். அது மேல வரவர பெருசாவும்."

கீழே தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். நான் இங்கிலீஷில் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

"குட்டனும் செபாஸ்தியும் நாளைக்கு எறங்குவானுவ" என்றான் கடைசியில்.

அவர்கள் இருவரும் பூவாற்றுக்காரர்கள். அவனுக்குப் பின்னால் வந்து, அவனைப் பார்த்து வேலை பழகியவர்கள். அவன் படுத்ததிலிருந்து கப்பலடி வேலை முழுவதும் அவர்கள்தான்.

"ஏஜென்டுக்க கருவியில எறங்குவாங்க. அசலு. பயமில்ல" என்றேன். சொன்ன உடனே நான் சொன்னதன் முட்டாள்தனம் எனக்கே தெரிந்துவிட்டது.

"அசலானா என்ன? அவனுவளும் என்னப் போலத்தான? குமிழி விடுவானுவளா?"

"நான் போயி சொல்லுதேன்."

"நீங்க சொன்னா கேப்பானுவளா? நீங்க கால்வாயக் கடக்கதுக்கே பாலம் தேடுத ஆளு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் சொன்னா கேப்பானுவ. ஆனா எப்பிடி அண்ணா? நேத்தைக்குவரை நான் அவனுவள ஓட்டைக்குடம்னு கேலி செய்தேன். மூச்சப் பிடி, மூச்சப் பிடின்னு படிப்பிச்சதே நானாக்கும். இப்பம் போயி, எலே, நான் விழுந்தது வால்வு கொண்டு இல்ல, எனக்க கெட்டித்தனம் கொண்டாக்கும்னு எனக்க வாயாலயா சொல்ல?"

பஸ் வந்தது. தடியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

வீட்டில் ரூத் வாசலிலேயே நின்றாள். "ஜெயிச்சீங்களாப்பா?"

"வால்வுல குற்றம் இல்லன்னு ஆச்சு."

"காப்பி அடிச்சது?"

"அது வேற கோர்ட்டு."

"வேலப்பன் மாமாவுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. பல சொற்களுக்கு அவள் அர்த்தம் கேட்டாள். கக்கா என்றால் என்ன என்று கேட்டாள். காயல் என்றால் என்ன என்று கேட்டாள். இங்கிலீஷ் புத்தகம் ஒன்று பெட்டியில் வரும் என்று சொன்னபோது, "அதை நான் படிச்சுத் தமிழ்ல சொல்லவா?" என்றாள். பிறகு அவளே, "என் தமிழ் அவங்களுக்குப் புரியாதே" என்றாள். சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அன்று நம் ஊர் பஸ்ஸும் அதைத் தள்ளியவர்களும் நினைவுக்கு வந்தார்கள். யாருடையது என்று தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பொருளைக் கண்டுபிடித்தவனுக்கு அதில் பாத்தியதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தம்பி கேட்பதும் நியாயம் என்றே என் எண்ணம். ஆனால் அந்த மாடியில் அன்று காலை முழுவதும் பேசியதில், நாளை இறங்கப் போகிற இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதை எழுந்து சொல்ல வேண்டியவன் நான். நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே காலையில் நானே படகுத்துறைக்குப் போவது என்று முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

7

மறுநாள் பட்டறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஏஜென்டின் கருவிகள் மரப்பெட்டியில் படகுத்துறைக்கு வந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது வேலப்பன் எனக்கு முன்பே வந்து, குட்டனையும் செபாஸ்தியையும் படிக்கட்டில் உட்காரவைத்து, மூச்சை அடக்காமல் குமிழி விட்டுக்கொண்டே மேலே வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கிட்டே போகவில்லை. செபாஸ்தி "ஓட்டைக்குடம்" என்று சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. குட்டனும் சிரித்தான். வேலப்பன் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னான். இருவரும் இறங்கினார்கள். ஒரு கப்பலின் விசிறியில் சுற்றியிருந்த கயிற்றை அறுத்துவிட்டு மதியத்துக்கு முன் மேலே வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வேலப்பன் பஸ் பிடித்துத் தன் அறைக்குப் போனான். பிற்பகலில் மழை பெய்தது.